அசைவுச் சோதனை

ஜெசிந்தாவின் ஏழு நினைவுகளும் திருடு போன செய்தி வந்தபோது அவள் சமையலறையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மீன். அதனால் சுவரிலிருந்த அறிவிப்பான் செய்தியை உரக்கவே படித்தது.

"அகச்சாவிக் காப்பகத்தில் கசிவு ஏற்பட்டுள்ளது. உங்கள் ஏழு நினைவுகளும் வெளியாட்கள் கையில் உள்ளன. உங்கள் கணவர் அமலதாசின் ஏழும் அவ்வாறே. முப்பது நாட்களுக்குள் இருவரும் ஆற்றகத்துக்கு வந்து அவற்றை ஆற்றிக்கொள்ளவும். தவறினால் சாவி ரத்தாகும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"சிரமமாம்ல" என்றான் அமலதாஸ். அவன் படகுத்துறையில் எஞ்சின் பழுதுபார்ப்பவன். வேலைக்குக் கிளம்பச் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தவன் அப்படியே நின்றான்.

கடவுச்சொல், கைரேகை, முகம், குரல் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்யலாம் என்றாகிவிட்ட பிறகு வந்தது அகச்சாவி. பதினெட்டு வயதில் ஒருமுறை, பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை, பதிவகத்தில் நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பட்டை மனத்தைத் துழாவும். எந்த ஏழு நினைவுகளுக்கு நெஞ்சு மிக அதிகமாக அசைகிறதோ அவற்றை, அந்த அசைவின் அலையோடு சேர்த்துப் பதிந்துகொள்ளும். அதன்பின் பேருந்தில் ஏறினாலும் மருத்துவமனைக்குப் போனாலும் வாசலில் இருக்கும் பட்டை அந்த ஏழில் ஒன்றிலிருந்து ஒரு துளியைக் காட்டும். ஒரு வாசனை, ஒரு நிறம், ஒரு குரல். உள்ளே எழுகிற அலை பதிவோடு பொருந்தினால் கதவு திறக்கும். ஒருவருடைய துக்கத்தை இன்னொருவர் திருட முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள். இருபது ஆண்டுகள் அது உண்மையாகவும் இருந்தது.

ஜெசிந்தாவின் ஏழில் மூன்றாவது, அவர்கள் மகள் ஆஞ்சலின். வீட்டில் அஞ்சு.

ஆறு வயது. காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போய் நான்காம் நாள் பிற்பகல், நாளைக்குப் பள்ளிக்குப் போக வேண்டும், இப்போதே இரட்டைச் சடை போட்டுவிடு என்று அடம்பிடித்தாள். பையில் ஒரு நீல ரிப்பன்தான் கிடைத்தது. ஒரு பக்கம் பின்னிக் கட்டியாயிற்று. இன்னொன்று வாங்கி வர அமலதாஸ் எதிர்க்கடைக்குப் போனான். அவன் திரும்பி வந்தபோது அவள் தாயின் மடியில் ஒற்றைச் சடையோடு கிடந்தாள். மூச்சில்லை. பதினோரு வருடமாகிறது. அமலதாசின் ஏழிலும் அந்தப் பிற்பகல் இருந்தது. ஆனால் அவனுடையது கட்டிலருகே நடந்ததல்ல. கடையில் ரிப்பன் கட்டுகளைப் புரட்டிக்கொண்டு அவன் நின்ற நேரம்.

ஜெசிந்தா கையைக் கழுவினாள். "இத யாரு எடுத்து என்ன செய்யப் போறாங்க?" என்றாள்.

ஐந்தாம் நாள் பதில் கிடைத்தது.

சிப்பித்துறை துறைமுகத்தின் வழிக்கோபுரத்தில் அவளுக்கு வேலை. எந்தக் கப்பல் எப்போது கால்வாய்க்குள் நுழையலாம் என்று அனுமதி கொடுப்பவர்கள் நான்கே பேர். அவர்களில் அவள் ஒருத்தி. காலையில் போனவுடன் தலைமை அலுவலர் சங்கரபாண்டி அவளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"நேத்து நீங்க லீவுதான?"

"ஆமா சார். வீட்டுல இருந்தேன்."

"நேத்து உங்க சாவியில ஒரு கப்பல் உள்ள வந்திருக்கு. பேரு கிடையாது, கொடி கிடையாது. ரசாயனக் கசடு அம்புட்டையும் கால்வாய் வாசல்ல கொட்டிட்டுப் போயிட்டான். கரையப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தாள். வரும் வழியெல்லாம் செத்த மீன் வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. மீனவர்கள் அதைக் கூடையில் அள்ளி, துறைமுக வாசலில் கொட்டிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எதைக் காட்டித் திறந்திருக்காங்க சார்?"

அவர் தாளைப் பார்த்தார். சொல்லத் தயங்கினார். "மூணாவது. நீல ரிப்பன்னு போட்டிருக்கு."

ஜெசிந்தா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எவனோ ஒருவன் எங்கோ ஒரு அறையில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவளுடைய விரல்களால் அஞ்சுவின் தலைமுடியை மூன்றாகப் பிரித்திருக்கிறான். தேங்காய் எண்ணெய் வாசனையை முகர்ந்திருக்கிறான். மடியில் பாரம் கூடுவதை உணர்ந்திருக்கிறான். கசடு கொட்டுவதற்காக.

"நீங்க செய்யலன்னு எனக்குத் தெரியும்மா" என்றார் சங்கரபாண்டி. "ஆனா சாவி உங்களோடது. ஆத்திட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களக் கோபுரத்துல ஏத்த முடியாது. இன்னொரு கப்பல் வந்தா நம்ம ரெண்டு பேரும் உள்ள போவணும்."

வீட்டுக்கு வந்து அமலதாசிடம் சொன்னாள்.

"சாவிய மட்டும் மாத்தித் தர மாட்டாங்களாமா?"

"கேட்டேங்க. அந்த ஏழும் உசுரோட இருக்குற வரைக்கும் புதுச் சாவி எடுத்தாலும் அதே சாயல்லதான் வருமாம். பழைய நகல வச்சே புதுப் பூட்டையும் திறந்துருவானாம்."

"அதுக்கு?"

"ஆத்திட்டா மறந்துராது. எல்லாம் ஞாபகம் இருக்கும். சூடு மட்டும்தான் போகும்னு சொல்லுதாங்க."

"சூடு போனப்புறம் என்னத்துக்கு அது?" என்றான். "நீ போறதுன்னா போ. உன் வேல அப்படி. நான் வரல."

"உங்க சாவி ரத்தாயிரும்."

"ஆவட்டும்."

ஆற்றகம், பழைய தபால் நிலையக் கட்டடத்தில் இருந்தது. வெளியே வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. ஒரு கிழவர் தன் முறை வரும்வரை யாருடைய பெயரையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். உள்ளே ஜெசிந்தாவுக்குப் பட்டை கட்டிய பெண்ணின் பெயர் பெனசீர். இரண்டு வாரமாக ஓய்வில்லாமல் வேலை செய்த முகம்.

"ஒவ்வொண்ணையும் நாப்பது தடவ காட்டுவேன் மேடம். நெஞ்சு ஏற ஏறப் பட்டை இறக்கி விடும். வலிக்காது. எத முதல்ல வச்சுக்கலாம்?"

"மூணாவதக் கடைசியா வைங்க."

பெனசீர் தலையசைத்தாள். எல்லோரும் அப்படி ஒன்றைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள் என்பது அவளுக்குப் பழகியிருந்தது.

திருமண நாள் ஆறியது. அப்பா கடலிலிருந்து திரும்பி வந்த புயல்நாள் ஆறியது. அஞ்சு பிறந்த காலையும் ஆறியது. மூன்றாம் நாள் மதியம் மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்தார்கள். முதல் தடவை ஜெசிந்தா வாய்விட்டுக் கத்தினாள். ஐந்தாம் தடவை கண்ணீர் மட்டும் வந்தது. இருபதாம் தடவை சுவரில் ஒரு ஓடு பெயர்ந்திருந்ததைக் கவனித்தாள். முப்பத்தைந்தாம் தடவை, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று ஒரு எண்ணம் ஓடியது. நாற்பதாம் தடவை ஒரு பெண் ஒரு குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு மேடம்?"

"கழுத்து வலிக்குது."

பிறகு பட்டை புதிய ஏழைத் தேடியது. முன்பு நொடியில் கண்டெடுத்தது இப்போது வெகுநேரம் துழாவியது. எட்டாம் வகுப்பில் ஒரு டீச்சர் அறைந்தது, ஒருமுறை மின்தூக்கியில் மாட்டிக்கொண்டது, பக்கத்து வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாய்க்காகப் போட்ட சண்டை. இப்படி ஏழு. திரையில் எழுத்து வந்தது: ஆழம் குறைவு. பயன்பாட்டுக்குப் போதுமானது.

மறுநாள் ஜெசிந்தா கோபுரம் ஏறினாள். டீச்சரின் வளையல் சத்தம் கேட்டதும் கதவு திறந்தது.

முப்பது நாள் முடிந்ததும் அமலதாசுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. படகுத்துறையில் முதலாளி வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார். உள்ளே விட்டால் துறைக்குப் பூட்டு விழும் என்றார். பேருந்து அவனை ஏற்றவில்லை. பல்வலிக்கு மருத்துவமனை போனபோது ஜெசிந்தா பொறுப்பாளராகக் கையெழுத்திட வேண்டியிருந்தது. சீட்டில் அவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'அடையாளம் அற்றவர்' என்று அச்சாகி வந்தது. அதைப் பார்த்து அவன் சிரித்தான். எங்கே போனாலும் நடந்தான். மாலையில் ஜெசிந்தா வரும்போது சோறு வடித்து வைத்திருந்தான். சண்டை எதுவும் இல்லை.

ஆகஸ்டில் அஞ்சுவின் பிறந்தநாள் வந்தது. வருடந்தோறும் அவள் படித்த பள்ளியின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு இருவரும் போவார்கள். அன்று காலையில் அமலதாஸ் பன் பொட்டலங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம் நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன். எனக்கு ஷிப்ட் இருக்கு" என்றாள் ஜெசிந்தா.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. தெரியாத ஊரில் வழி கேட்கப் போகிறவன், இவரிடம் கேட்கலாமா என்று முகத்தைப் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

"உனக்கு ஒண்ணுமே வரலயா ஜெசி?"

"எல்லாம் ஞாபகம் இருக்குங்க. அவ மஞ்சப் பையி, வாட்டர் பாட்டிலு, எல்லாம்."

"சரி" என்று அவன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனான்.

அன்று கோபுரத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லை. துக்கம் வரவில்லை. துக்கம் வரவில்லையே என்கிற பயம் வந்தது. பக்கத்து இருக்கை விண்ணரசியிடம் சொன்னாள். விண்ணரசி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"பழைய ஐஸ் பேக்டரி பின்னால ஒரு கடை இருக்கு. வெளிய போன நினைவு எல்லாம் அங்க கிடைக்கும். எங்க அத்தான் போவாக. அவுக கல்யாணத்தப் பாக்க."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஜெசிந்தா அங்கே போனாள். முடிதிருத்தும் கடை போலச் சாய்வு நாற்காலிகள். ஆறேழு பேர் பட்டை கட்டிக் கண்ணை மூடிக் கிடந்தார்கள். ஒருவர் மெதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். வெற்றிலை போட்ட கடைக்காரி ஒருத்தி வந்தாள்.

"சிரிக்கணுமா, அழணுமா?"

ஜெசிந்தா காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள். "அழணும்."

"அப்பன்னா ஒத்தச் சடை பாருங்க. அழணும்னு வாரவங்களுக்கு நாங்க அதத்தான் குடுக்கறது. நம்ம கடையில நல்லாப் போறது அதுதான். எப்பேர்ப்பட்டவனும் அழுதுருவான்."

ஜெசிந்தா நாற்காலியில் சாய்ந்தாள். பட்டை நெற்றியைத் தொட்டது.

எண்ணெய் வாசனை முதலில் வந்தது. பிறகு விரலிடுக்கில் முடி. "இறுக்கிக் கட்டும்மா, ஓடுனா அவுந்துரும்" என்று அஞ்சு சொல்வது காதுக்கு வெகு அருகில் கேட்டது. ஆறிக் கிடந்த இடத்தில் அந்தத் திருட்டு நகலின் சூடு இறங்கியது. ஜெசிந்தாவின் உடம்பு முழுதும் ஒருமுறை குலுங்கி நின்றது. பதினோரு வருடத்துக்கு முன் அழுத அழுகை அது. சொந்த அழுகை. இரவல் வாங்கி அழுதாள்.

பட்டையைக் கழற்றியபோது பக்கத்து நாற்காலியில் இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் நிலானி என்று அவளாகவே சொன்னாள்.

"நீங்களும் ஒத்தச் சடையா யக்கா? நான் வாரா வாரம் வருவேன். எங்கம்மா செத்து மூணு மாசம் ஆச்சு. அம்மாவ எனக்கு முந்தியே ஆத்திட்டாங்க. பொணத்துக்கிட்ட உக்காந்து கல்லு மாதிரி இருந்தேன். சொந்தக்காரங்க காறித் துப்புனாங்க. இங்க வந்துதான் அழுதேன். யார் பெத்த பிள்ளையோ."

ஜெசிந்தா அவளையே பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் தெரிய மாட்டேங்குது யக்கா. ரிப்பன் வாங்கப் போனாரே, அவர் வாரதுக்குள்ள இது முடிஞ்சிருது. அவர் வந்தாரா இல்லயான்னே தெரியல. ராத்திரி தூங்க முடியல."

"வந்தார்" என்றாள் ஜெசிந்தா. "ரிப்பனோட வந்தார். பிள்ளை பேரு ஆஞ்சலின். அஞ்சுன்னு கூப்பிடுவோம். சிப்பித்துறைக் கல்லறைத் தோட்டத்துல, வேப்பமரத்துக்குக் கீழ இருக்கா."

நிலானி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஜெசிந்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஜெசிந்தா வாரம் ஒருமுறை போனாள். அமலதாசிடம் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் சாப்பிடும்போது அவள் கண் கலங்கியதை அவன் பார்த்துவிட்டான். எதுவும் கேட்காமல் தன் தட்டிலிருந்த மீன் துண்டை அவள் தட்டில் வைத்தான்.

செப்டம்பரில் அகச்சாவித் துறை ஒரு புதிய முறையை அறிவித்தது. பெயர் அசைவுச் சோதனை. கணக்கு எளிமையானது. கசிந்த நினைவுகளின் உரிமையாளர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஆற்றிக்கொண்டுவிட்டார்கள். அவர்களுக்கு அந்த நினைவு இனி அசையாது. ஆகவே கசிந்த நினைவைக் காட்டும்போது யாருடைய நெஞ்சு அசைகிறதோ அவரிடம் திருட்டு நகல் இருக்கிறது என்று பொருள். சந்தை வாசல்களில் காவலர்கள் பட்டையோடு நின்றார்கள். முதல் வாரத்திலேயே இரண்டாயிரம் பேர் பிடிபட்டார்கள். செய்தியில் அவர்கள் வரிசையாக நிற்பதைக் காட்டினார்கள். பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வாரம் அமலதாஸ் காய்கறி வாங்கப் போன இடத்தில் பிடிபட்டான்.

ஜெசிந்தா நிலையத்துக்கு ஓடினாள். உதவி ஆய்வாளர் வேணி முப்பது வயதுப் பெண். மரியாதையாக உட்காரச் சொன்னாள்.

"இவர் அமலதாஸ்ங்கறவரோட நினைவத் திருடி வச்சிருக்கார்மா. நீல ரிப்பன் காட்டுனோம், நெஞ்சு எகிறுது."

"அவர்தான் அமலதாஸ்! அது அவரோட நினைவு!"

"அமலதாஸ் ஆத்திருக்கணுமே. ஆத்தாத ஆளுக்குச் சாவி கிடையாது. சாவி இல்லன்னா அவர் அமலதாஸ்னு நான் எப்படி எழுதறது?" வேணி குரலைத் தணித்தாள். "எனக்குப் புரியுதும்மா. நீங்க மனைவிதான? நீங்க அடையாளம் சொன்னா விட்டுடலாம். விதிப்படி உங்களயும் ஒருதடவ சோதிக்கணும். நீங்க ஆத்துன ஆளுதான? ஒரு நிமிஷ வேல."

ஜெசிந்தா பட்டையைத் தடுக்கவில்லை. தடுத்தால் சந்தேகம் வரும். நீலம் கண்முன் விரிந்தது. கருவி பலமாக ஒலித்தது.

வேணி கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மறுபடி ஒருதடவ போடறேன். மூணு தடவ போடலாம்னு விதி இருக்கு. கொஞ்சம் அழாம இருங்கம்மா."

ஜெசிந்தா கால்வாயின் ஆழத்தை நினைத்தாள். நாளை வரும் கப்பல்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். ஒலித்தது. மூன்றாம் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் வந்தது. அப்போதும் ஒலித்தது.

"ரெண்டு வழிதான் இருக்கு" என்றாள் வேணி. நிஜமாகவே வருத்தப்பட்டாள். "வழக்குப் போட்டா ஆளுக்கு ஏழு வருஷம். இல்லன்னா ரெண்டு பேரும் இன்னிக்கே ஆத்திக்கறோம்னு எழுதிக் குடுங்க. நான் விட்டுடறேன்."

கம்பிக்குப் பின்னாலிருந்து அமலதாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கருவி மூன்று தடவை ஒலித்ததையும் கேட்டான். அவன் எழுந்து வந்தான்.

"எழுதித் தாரேன் மேடம். அவள உள்ள வைக்காதீங்க."

"வேண்டாங்க" என்றாள் ஜெசிந்தா. "ஏழு வருஷம்தான."

"ஆளுக்கொரு ஜெயில்ல இருந்தா உனக்கு யாரு சோறு வடிப்பா? எழுதுங்க மேடம்."

ஆற்றக வண்டி நான்கு மணிக்கு வரும் என்றார்கள். அப்போது இரண்டு. வேணி இருவரையும் பின்பக்க மரப்பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, காவலரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். பிள்ளை இறந்த வாரத்துக்குப் பிறகு சேர்ந்து அழுவது அதுவே முதல் தடவை. அதுவரை ஒருவர் அழும்போது மற்றவர் வேறு அறைக்குப் போய்விடுவது வழக்கமாகியிருந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொன்னதில்ல" என்றான் அமலதாஸ். "கடையில ரெண்டு நீலம் இருந்துச்சு. ஒண்ணு லேசு, ஒண்ணு கொஞ்சம் அழுத்தம். அந்தப் பையில இருந்தது எதுன்னு தெரியல. வெளிச்சத்துக்குக் கொண்டாந்து கொண்டாந்து பாத்தேன். பத்து நிமிஷம் இருக்கும். ஏதோ ஒண்ண எடுத்துட்டு ஓடி வந்திருந்தா அவளப் பாத்திருப்பேன்."

ஜெசிந்தா அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் உங்ககிட்ட ஒண்ணு சொன்னதில்லங்க. சொன்னா நீங்க உடைஞ்சு போவீங்கன்னு இருந்துட்டேன். அப்பா ஏன் இன்னும் வரலன்னு நான்தான் சலிச்சுக்கிட்டேன். அதுக்கு அவ, 'அப்பா கலர் பாத்துத்தாம்மா வாங்குவாங்க, நீ சும்மா இரு'ன்னா. அதுதான் அவ கடைசியாப் பேசுனது. சொல்லிட்டுச் சிரிச்சா."

அமலதாஸ் குனிந்து முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டான். பதினோரு வருடமாகத் தூக்கி நடந்தது எதுவோ அவன் முதுகிலிருந்து இறங்குவதை அவளால் உணர முடிந்தது. நான்கு மணிக்கு வண்டி சரியான நேரத்துக்கு வந்தது.

இந்தத் தடவை எண்பது முறை காட்டினார்கள்.

அதற்குப் பின் எல்லாம் சீராயிற்று. அமலதாசுக்குப் படகுத்துறையில் வேலை திரும்பக் கிடைத்தது. அஞ்சு கடைசியாகச் சொன்ன வாக்கியம் அவனுக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. யாரோ ஒருவரின் தொலைபேசி எண் மனத்தில் தங்கிவிடுவது போல அது தங்கியிருந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று காலை, நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர்கள் நினைவைத் திருடியவர்கள் கூட்டமாகப் பிடிபட்டிருக்கிறார்கள். உரிமையாளர்கள் நேரில் வந்து அடையாளம் காட்டிப் புகாரில் கையெழுத்திட வேண்டும். வர வேண்டிய இடம், சிப்பித்துறைக் கல்லறைத் தோட்டம்.

அந்த நாளை இருவரும் அதுவரை யோசிக்கவே இல்லை. ஜெசிந்தா அரைநாள் விடுப்பு எடுத்தாள்.

வேப்பமரத்தடியில் ஏறக்குறைய நாற்பது பேர் நின்றார்கள். சுற்றிலும் காவலர்கள். அஞ்சுவின் கல்லறை தெரியாதபடி பூவும் மெழுகுவத்தியும். சீருடையோடு வந்திருந்த ஒரு பேருந்து ஓட்டுநர், கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். எவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகத் தெரியவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

வேணி முதலில் இருவருக்கும் பட்டை கட்டினாள். திரையில் நேர்கோடு ஓடியது, சிறு மேடுகூட இல்லாமல்.

"உரிமையாளர்கள் நீங்கதான். உறுதியாச்சு" என்று படிவத்தில் குறித்துக்கொண்டாள். "இவங்கள்ல யாரயாவது முன்ன பின்னப் பாத்திருக்கீங்களா?"

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். "யக்கா! நீங்கதான சொன்னீங்க, இங்கதான் இருக்கான்னு. அழுதவங்க எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன். சொல்லுங்க யக்கா, நாங்க பிள்ளையப் பாக்கத்தான் வந்தோம்."

ஜெசிந்தாவுக்கு அவளைத் தெரிந்தது. நிலானி. கடை, நாற்காலி, கண்ணில் ஒற்றிய கை எல்லாம் துல்லியமாக நினைவிருந்தது. தெரியும் என்றால் கடையைச் சொல்ல வேண்டும். கடையைச் சொன்னால் மறுபடி விசாரணை, மறுபடி கோபுரத்துக்குப் போக முடியாமல் ஆகும்.

"தெரியாது" என்றாள்.

நிலானி அவளை ஏசவில்லை. அழுகை நிற்காமலே ஜெசிந்தாவின் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் பின்னால் போய்விட்டாள்.

கைத்தடிக் கிழவர் அமலதாசின் அருகே வந்து கும்பிட்டார். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல ஐயா. நீங்க பாத்துத்தான் வாங்குவீங்கன்னு பிள்ளையே சொல்லுச்சு. மனசுல எதயும் வச்சுக்கிடாதீங்க."

"ஆமா, தெரியும்" என்றான் அமலதாஸ் மரியாதையாக. "நன்றி."

வண்டிகள் வந்து நின்றன. வேணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவளுக்கு இவர்களை ஏற்ற மனமில்லை என்பது குரலில் தெரிந்தது.

"எல்லாரும் கேளுங்க. இன்னொரு தடவ சோதிக்கறேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அழாம நிக்கிறவங்க வீட்டுக்குப் போலாம். யாரும் கேக்க மாட்டாங்க. சரியா?"

அவள் மணிக்கட்டைப் பார்த்தபடி நின்றாள். நிமிடம் கழிந்தது. ஒருவர்கூட நிறுத்தவில்லை. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக, குனிந்து கல்லறையைத் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினார்கள்.

கையெழுத்திட்ட படிவத்தின் நகலுக்காக ஜெசிந்தாவும் அமலதாசும் வாசலில் காத்து நின்றார்கள்.